கோதுமை இல்லாத அப்பம்

1994ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் அவர்கள் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஒருத்தி அங்கே லென்ஸ் தேய்க்கும் வேலையில் இருந்த பெண். மற்றவர் நாற்பதைக் கடந்த அம்மாள். நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, கடைக்காரரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், அவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். வந்தவர் கைக்குட்டையை விரித்து, அதிலிருந்து காகிதத்தைப்போல் மெல்லிய வெள்ளை வட்டம் ஒன்றை எடுத்து, தேய்ப்பு மேசையின் விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இதோட ஓரத்துல பழுப்பா ஏதாவது தெரியுதா, பாரு."

"தெரியுதும்மா. ரெண்டு புள்ளி இருக்கு."

"எனக்கு ஒண்ணுகூடத் தெரியல. தெரியற மாதிரி ஒரு கண்ணாடி பண்ணிக் குடு. கருகினதையெல்லாம் கொண்டுபோய் ஆண்டவர் தலையில கட்டிட்டு இருக்கேன்."

கத்தோலிக்கக் கோயில்களில் சாமியார் பீடத்தில் உயர்த்திப் பிடிக்கிற அப்பம் அது. அதன்மேல் அவர் ஆண்டவரின் வார்த்தைகளைச் சொல்லும்வரை அதற்கு ஓஸ்தி என்று பெயர். சொன்ன பிறகு அது நற்கருணை. சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் அந்த ஓஸ்தியைச் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததால், அந்த அம்மாளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஓஸ்தியம்மா என்றால்தான் தெரியும்.

லென்ஸ் சரியாக அமையும்வரை ஓஸ்தியம்மா அந்தப் பின்னறையை விட்டு நகரவில்லை. தேய்த்ததைப் போட்டுப் பார்ப்பதும், ஓஸ்தியை விளக்கில் காட்டுவதும், "இன்னும் கொஞ்சம்" என்று திருப்பித் தருவதுமாக இருந்தார். அந்தப் பெண் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் இரண்டு புள்ளிகளும் தெரிந்தபோது, ஓஸ்தியம்மா புள்ளிகளை விட்டுவிட்டு அவளுடைய விரல்களைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லம்மா."

"கோயிலுக்குப் போற வழக்கம் உண்டா?"

"உண்டும்மா."

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். பஸ் டிப்போவுல டயர் மாட்டற வேலை. பேச்சும் குறைச்சல், சம்பளமும் குறைச்சல். ஆனா கை நீட்டமாட்டான்."

வெளியிலிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார்: "அம்மா, நான் கண்ணாடிக்குத்தான் விலை சொன்னேன். பொண்ணுக்குச் சொல்லல!"

அடுத்த கோடை வருவதற்குள் அந்தப் பெண் ஓஸ்தியம்மாவின் தம்பி மனைவியாக அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். கணவனின் அக்காளை 'அண்ணி' என்று அழைக்கத் தொடங்கினாள். லென்ஸ் வேலையை விடச் சொல்லி அவளை யாரும் வற்புறுத்தவில்லை. "இவ்வளவு நல்ல கையைக் கண்ணாடிக்கா குடுக்கறது?" என்று அண்ணி ஒருமுறை கேட்டார். அவ்வளவுதான், அவளும் ஓஸ்தி சுடும் வேலைக்கு வந்துவிட்டாள்.

வீட்டின் பின்பக்கம் இருந்தது மாவறை. அங்கே உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே. சூடேறிய இரும்பு அச்சின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு கரண்டி மாவை ஊற்றி அழுத்தினால், ஆவி கீச்சென்று கத்திக்கொண்டு வெளியேறும். திறந்தால் சிலுவைக்குறி பதிந்த மெல்லிய தாள் ஒன்று கிடைக்கும். அதை அப்படியே வெட்டினால் நொறுங்கிவிடும் என்பதால், ஈரத்துணி தொங்கும் அலமாரியில் வைத்துப் பதப்படுத்தி, மறுநாள் குழாய்க்கத்தியால் வட்ட வட்டமாக வெட்டுவார்கள். வெட்டும்போது எழுகிற மாவுத்தூள் இமைமயிரில்கூடப் படியும். வட்டங்கள் போக எஞ்சிய துண்டுகள் ஒரு சாக்கில் சேரும். வேலைக்கிடையே பசித்தால் தம்பி மனைவி அந்தத் துண்டுகளை எடுத்துக் கொறிப்பாள்.

ஓஸ்தியம்மா நகைச்சுவை தெரிந்தவர்தான். சிறைச்சாலைக் கோயிலுக்குப் பொட்டலம் கட்டும்போது, "இதை மட்டும் நல்லாக் கட்டு. உள்ள இருக்கறவங்க பொட்டலம் பிரிக்கறதுல கெட்டிக்காரங்க" என்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் சிரிப்பு செல்லாது.

அதற்குக் காரணம் இருந்தது. பத்து வயதில் அவர் மறைக்கல்விப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்திருந்தார். "சாமியார் வார்த்தைகளைச் சொன்ன பிறகு பீடத்தின்மேல் இருப்பது என்ன?" என்று கேட்டார்கள். சிறுமி, "அப்பம்" என்று சொல்லிவிட்டாள். கேள்வி கேட்ட கன்னியாஸ்திரி மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீர்களா, இவள் ஆண்டவரைப் பார்த்து அப்பம் என்கிறாள்" என்றார். பிறகு அவளைக் கோயில் வாசற்படியில் முழந்தாளிடச் செய்து, 'அப்பம் இல்லை, உட்பொருள் மாறிவிட்டது, தோற்றம் மட்டுமே இருக்கிறது' என்று பொழுது சாயும்வரை சொல்லச் சொன்னார். வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் ரொட்டித்துணுக்குகளை அவள்மேல் எறிந்து, "இது என்ன? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். தாயும் தகப்பனும் இறந்து, தம்பியைத் தோளில் சுமந்து வளர்த்த காலத்திலும், இரும்பு அச்சின் முன் நின்று தலை நரைத்த காலத்திலும் ஓஸ்தியம்மா அந்த வாசற்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

மாவறைக்கு வந்த முதல் வருடத்திலேயே தம்பி மனைவி இளைக்கத் தொடங்கினாள். சாப்பிட்டது தங்கவில்லை. வயிறு ஊதியது; கன்னம் ஒட்டியது. முதல் கர்ப்பம் கலைந்தது. இரண்டாவதும் கலைந்தது. மூன்றாவது, இருக்கிறது என்று தெரியும் முன்பே போயிற்று. "கல்லு மாதிரி உடம்புக்காரியைக் கட்டிவச்சிருக்கலாம், கண்ணாடிக்காரியைக் கட்டிவச்சா உடையாம என்ன செய்யும்?" என்று அண்டை வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று சத்தமாகவே சொன்னாள். அதற்கு ஓஸ்தியம்மா, "உடைஞ்சாலும் எங்க வீட்டுக் கண்ணாடி. உன் வீட்டுல முகம் பார்க்கவே பயப்படறாங்களாம்" என்று திருப்பிக் கொடுத்தார். தம்பி மனைவிக்கு அது அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவளுடைய குடலுக்குள் குழாயை விட்டுப் பார்த்து, சதைத்துணுக்கு ஒன்றைக் கிள்ளியெடுத்துச் சோதித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"உங்க குடலுக்குக் கோதுமை ஆகாது. ஒரு துணுக்குகூட ஆகாது. சாப்பிட்டா குடல் தானே தன்னை அரிச்சுக்கும். கோதுமையை அடியோட விட்டுடுங்க. விட்டா, குழந்தை தங்கும்னு நம்பலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பேருந்தில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஓஸ்தியம்மா அந்தச் செய்தியை ஏற்றுக்கொண்ட விதத்தைக் கண்டு தெருவே வியந்தது. அன்றைக்கே சமையலறைப் பாத்திரங்களை மாற்றினார். வீட்டில் கோதுமைச் சமையலையே நிறுத்தினார். மாவறைக்குத் தனிக் கதவு வைத்து, அதற்குள் தம்பி மனைவி காலடி வைக்கக்கூடாது என்று கட்டளையிட்டார். தாம் மாவறையிலிருந்து வந்தால், குளித்து உடைமாற்றிய பிறகே அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். "அண்ணி, நீங்க எனக்கு அம்மா மாதிரி" என்று தம்பி மனைவி அழுதாள்.

வந்தது ஞாயிற்றுக்கிழமை. பூசையில் எல்லாரும் நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வரிசையில் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார்:

"ஏன் நன்மை வாங்கல?"

"டாக்டர்தான் சொன்னாரே அண்ணி. ஒரு துணுக்குகூட..."

"என்ன ஆகாதுன்னு சொன்னாரு?"

"கோதுமை."

"அங்க ஏது கோதுமை?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். ஓஸ்தியம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என் கையில இருக்கிற வரைக்கும் அது கோதுமை. அதனாலதான் உன்னை மாவறைப் பக்கமே விடல. சாமி வார்த்தை சொன்னதுக்கு அப்புறம் அதுல கோதுமை பொட்டளவுகூடக் கிடையாது. உட்பொருள் மாறிடுது. இருக்கறது வெறும் தோற்றம். தோற்றம் எப்படி உன் குடலை அரிக்கும்? சுவத்துல வரைஞ்ச நெருப்பு சுடுமா?"

"ருசி அப்படியேதானே இருக்கு, அண்ணி?"

"ருசியும் தோற்றம்தான்."

மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி தொண்டையைச் செருமினான். "அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

"நீங்க டயர் மாதிரி. எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் உருளுவீங்க" என்றாள் அவன் மனைவி. அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்திப் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாள் அவள் கோயிலுக்குப் பொறுப்பான பங்குச்சாமியாரிடம் போனாள். அண்ணியும் கூடவே போனார். சாமியார் நல்லவர். நல்லவர் என்பதைத் தவிர அவரிடம் வேறு பலம் எதுவும் இல்லை. பூசை உடைகள் தொங்கிய அறையில் இருவரையும் உட்காரவைத்து, முடிந்தவரை பொறுமையாக விளக்கினார்.

"அம்மா, உட்பொருள்னா நாம நினைக்கிற சத்து இல்ல. ஒரு பொருள் அந்தப் பொருளா இருக்கறதுக்கு அடியில எது இருக்கோ, அதுதான் உட்பொருள். அது கண்ணுக்கும் அகப்படாது, சோதனைக்கும் அகப்படாது. சோதனையில அகப்படற அத்தனையும் தோற்றத்துல சேர்ந்தது. நிறம், எடை, ருசி, பசி ஆத்தறது, சிலருக்கு ஒத்துக்காம போறது, எல்லாமே."

"அப்போ கோதுமை இல்ல. கோதுமை செய்யற கெடுதல் மட்டும் இருக்கு?" என்று கேட்டார் ஓஸ்தியம்மா.

"அப்படித்தாம்மா."

"தோற்றத்தால ஒருத்தி சாக முடியுமா, சாமி?"

"முடியும்."

"சாகடிக்கிறதுக்கு ஏன் தோற்றம்னு பேர் வச்சீங்க? தோற்றம்னா எங்களுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியறது, கைக்குக் கிடைக்காதது."

சாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டார். "பேர் வச்சவங்க வேற பாஷையில வச்சாங்கம்மா. அவங்க நினைச்ச அவ்வளவையும் நம்ம சொல் தாங்கல."

ஓஸ்தியம்மா எழுந்துவிட்டார். "சொல் தாங்கலையா, உங்க விசுவாசம் தாங்கலையா?"

அவர் போன பிறகு சாமியார் தம்பி மனைவியிடம், திருச்சபையில் இதற்கு வழி இருக்கிறது என்றார். அப்பத்தை விட்டுவிட்டு, கிண்ணத்திலிருந்து திராட்சை இரசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு துளியிலும் ஆண்டவர் முழுமையாகவே இருக்கிறார். குறை ஒன்றும் இல்லை. அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அந்த நிம்மதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரையில்தான் நீடித்தது. எல்லாரும் அப்பம் வாங்கி முடித்த பிறகு கடைசி ஆளாக அவள் எழுந்து போனபோது, கோயில்பிள்ளை — மணி அடித்து, பீடத்தை ஒழுங்குபடுத்துகிறவன் — பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "வழி விடுங்கப்பா, கிண்ணக்காரி வர்றா" என்றான். அன்றுமுதல் அவளுக்கு அதுவே பெயராயிற்று. "நமக்கெல்லாம் அப்பம், மகாராணிக்கு மட்டும் இரசம்" என்றாள் ஒருத்தி. "வாரத்துக்கு ஒரு மடக்கு போதுமாமா? வீட்டுலயும் உண்டா?" என்றாள் இன்னொருத்தி. பெஞ்சில் அவளுக்கு அருகே இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்காரப் பழகினார்கள். ஆண்டவருக்குள்ளே கோதுமை இருக்கிறது என்று சொல்கிறவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

விந்தை என்னவென்றால், ஓஸ்தியம்மா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஞாயிறுதோறும் தம்பி மனைவிக்கு நேர் பின்பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பீடத்தில் சாமியாரின் கைகள் செய்வதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவே.

அவளுடைய உடம்பு தேறியது. கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு வருடத்துக்குள் நான்காவது கர்ப்பம் வந்தது, வந்தது தங்கியது. அந்த மாதங்களில் ஓஸ்தியம்மா அவளைத் தரையில் நடக்கவிடவில்லை என்றே சொல்லலாம். குடத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வார். கால் வீங்கினால் மடியில் எடுத்துவைத்துப் பிடித்துவிடுவார். "உள்ள இருக்கறவ உதைக்கிறாளா?" என்று கேட்டு, வயிற்றில் காதை வைத்து, "அடி கழுதை, அத்தையையே உதைக்கிறியா?" என்று கொஞ்சுவார். பெண்தான் என்று அவரே முடிவு செய்திருந்தார்.

டாக்டர் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்ன ஆறாம் மாதத்தில், பூசை முடிந்து கோயில் கூடத்தில் பங்கு மக்களின் கூட்டம் நடந்தது. கூரை ஒழுகுவதைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் ஓஸ்தியம்மா எழுந்தார்.

"சாமி, எனக்கு ஒரு சந்தேகம். நன்மை குடுக்கறதுக்கு முன்னாடி பெரிய அப்பத்தை உடைச்சு, அதுல ஒரு சின்னத் துண்டைக் கிண்ணத்துல போடறீங்களே, எதுக்கு?"

"அது ஆண்டவருடைய உடலும் இரத்தமும் ஒண்ணுங்கறதுக்கு அடையாளமா..." என்று தொடங்கிய சாமியார் பாதியில் நின்றார். அவருடைய முகம் வெளுத்தது.

"அதே கிண்ணத்துலதானே என் தம்பி பொண்டாட்டிக்கும் குடுக்கறீங்க?"

ஓஸ்தியம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு வாரமும் அந்தத் துண்டு ஊறின இரசத்தைத்தான் இவ குடிச்சிருக்கா. ஒரு வாரம் தவறாம குடிச்சிருக்கா. வயித்துல புள்ள கல்லுக்குண்டாட்டம் வளருது. டாக்டர் கைதட்டாத குறை. இப்ப நீங்களே சொல்லுங்க சாமி, கோதுமை எங்க போச்சு?"

யாரோ கைதட்டினார்கள். பிறகு பலர் தட்டினார்கள். அவளுக்கென்று தனிக் கிண்ணம் வைத்திருக்கவேண்டும் என்பது சாமியாருக்குத் தோன்றவே இல்லை. அந்தத் துண்டைக் கிண்ணத்தில் இடுவது அவருடைய கைக்கு மூச்சுவிடுவதுபோல் பழகிப்போயிருந்தது. "என் தப்பு. வேற கிண்ணம் வச்சிருக்கணும்" என்று அவர் சொன்னார். "சாமி தோத்துட்டாரு" என்று கோயில்பிள்ளை மொழிபெயர்த்தான்.

தம்பி மனைவி வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்டாள்:

"உங்களுக்கு எப்ப தெரியும், அண்ணி?"

"முதல் ஞாயித்துக்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லியிருந்தா நீ பயந்திருப்பே. பயந்தவளை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதும்மா" என்றார் ஓஸ்தியம்மா. அதைச் சொல்லும்போது அவர் அவளுடைய கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். ஆனால் பயத்துக்கு உள்ளே ஒரு ஆசையும் தலைநீட்டியது. ஒருவேளை அண்ணி சொல்வது சரியாக இருக்குமோ? சரியாக இருந்துவிட்டால் கிண்ணக்காரி என்ற பெயர் போய்விடும். பெஞ்சில் எல்லாரும் மறுபடி நெருங்கி உட்காருவார்கள். பிறக்கப்போகிறவளும் கிண்ணக்காரியின் மகளாக வளரவேண்டியிருக்காது. "நடந்ததைத்தானே அக்கா சொல்லுது" என்றான் கணவன். தெருவும் அதையே சொன்னது. பெண்கள் அவளைத் தேடிவந்து வயிற்றைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார்கள்.

"இனிமே கிண்ணம் வேண்டாம். எல்லாரையும் போல வாங்கு" என்றார் அண்ணி.

அவள் வரிசையில் நின்றாள். சாமியார் அப்பத்தைக் கையில் எடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உதடு அசையாமல், "வேண்டாம்மா" என்றார். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஓஸ்தியம்மா நின்றிருந்தார்.

"ஆமென்னு சொல்லு."

அவள் ஆமென் என்றாள். சாமியாரும் கொடுத்துவிட்டார். கூட்டத்தில் தோற்றவர் வரிசையிலா வெல்லப்போகிறார்?

பிறகு அன்றாடம் காலைப் பூசைக்கு அவளை அழைத்துப்போனார் அண்ணி. சில வாரங்களில் வயிற்றுவலி திரும்பி வந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கிறது என்றால், கோதுமை இருக்கிறது என்றாகும். கோதுமை இருக்கிறது என்றால், தன் வயிற்றைத் தொட்டு வணங்கிய கைகளெல்லாம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இளைப்பதை மறைக்க உடைகளைத் தளர்த்தித் தைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாந்தியெடுத்தாள்.

எட்டாம் மாதத்தில் குழந்தை உதைப்பதை நிறுத்தியது. ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். பெண்தான். அழவில்லை. இரத்தம் நிற்காததால் கருப்பையையும் எடுக்கவேண்டியதாயிற்று.

டாக்டர் விஷயத்தைக் கேட்டு முதலில் கோபப்பட்டார், பிறகு களைத்துப்போனார். "இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். ஓஸ்தியம்மா அந்தப் பேச்சின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். அவருடைய கண்கள் அழுது வீங்கியிருந்தன. அது பொய்யழுகை அல்ல. தம்பி மனைவியின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னார்:

"அப்பம் உன்னைக் கெடுக்கலம்மா. சந்தேகம்தான் கெடுத்துடுச்சு. ஆமென்னு சொல்றப்ப உன் குரல் நடுங்குச்சு. நான் பின்னாடிதானே நின்னேன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அண்ணியிடம் அதைப்பற்றிப் பேசவேண்டியிருந்த பேச்செல்லாம் அந்தச் சுவரோடு முடிந்தது.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. போக இடமும் இல்லை. கண்ணாடிக்கடை வேலைக்குத் திரும்பினாள். பூசைக்குப் போவாள், கடைசிப் பெஞ்சில் உட்காருவாள், நன்மை வாங்க எழுந்திருக்கமாட்டாள். அடுத்து வந்த சாமியார் அவளுக்கென்று தனிக் கிண்ணம் வைப்பதாகச் சொன்னபோது, "வேண்டாம் சாமி, எனக்குத் தாகமில்ல" என்றாள். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் அண்ணி செபம் சொல்லி முடித்து, கை கூப்பியபடி காத்திருப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவளின் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராது. சோறு ஆறும். பிறகு தம்பி அவசரமாக, "ஆமென், ஆமென்" என்பான். வேளை தவறாமல் இது நடந்தது. இந்தத் தண்டனைக்கு அண்ணியால் பழக முடியவில்லை என்பதைக் கண்டுகொண்டதால், அவள் அதை ஒருவேளையும் தவறவிடவில்லை.

இன்னொன்றும் செய்தாள். ஓஸ்தியம்மாவின் கண் மேலும் மங்கியபோது, புதுக் கண்ணாடியை அவள்தான் தேய்த்துக் கொடுத்தாள். எழுத்துப் படிக்கப் போதும். ஆனால் லென்ஸின் பலத்தில் ஒரு மயிரிழை குறைத்திருந்தாள். கருகிய புள்ளிகளோடு ஓஸ்திகள் கோயில்களுக்குப் போயின. "அம்மா, உங்க ஓஸ்திக்கு அம்மை போட்டிருக்கு" என்று கோயில்பிள்ளை பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். ஒவ்வொரு கோயிலாக நின்றது. கடைசியில் சிறைச்சாலையும் நின்றது. எல்லாருக்கும் கன்னியர் மடத்திலிருந்து மிஷினில் சுட்டது வந்துவிட்டது. இரும்பு அச்சு ஆறிய அன்று, "வயசாயிடுச்சு அண்ணி, ஓய்வெடுங்க" என்றாள் தம்பி மனைவி. அவள் குரலில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஓஸ்தியம்மாவுக்கு இதயம் தளர்ந்து, நீர் கோத்து, படுக்கையோடு ஆனபோது அவளே பார்த்துக்கொண்டாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட்டாள், மலசலம் எடுத்தாள், மருந்து வேளை பிசகவில்லை. "பெத்த பொண்ணுகூட இப்படிப் பார்க்கமாட்டா" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். ஓஸ்தியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். தூக்கத்தில் சில நேரம் அவருடைய விரல்கள் போர்வையைத் தட்டும். "இல்லை, இல்லை" என்று முனகுவார்.

டாக்டர் கைவிரித்த பிறகு, ஒரு மாலையில், சாமியாரை வரச்சொல்லி ஆளனுப்பினார். இரண்டு அப்பங்கள் கொண்டுவரவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். இப்போது இருந்த சாமியார் மிகவும் இளைஞர்; பழைய கதை எதுவும் தெரியாதவர். நோயாளிக்கு எண்ணெய் பூசி, நற்கருணை இருந்த சிறு பொன்முலாம் பெட்டியைத் திறந்தார். தம்பி கதவோரம் முழந்தாளிட்டிருந்தான். தம்பி மனைவி தலையணையை உயர்த்தி, அண்ணியின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

அப்பம் உதட்டருகே வந்தபோது ஓஸ்தியம்மா வாயை இறுக மூடிக்கொண்டார்.

"என்னம்மா, விழுங்க முடியலையா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார் சாமியார்.

ஓஸ்தியம்மா இல்லை என்று தலையசைத்தார். நீர் கோத்த கையை மிகுந்த சிரமத்தோடு தூக்கி, தம்மைத் தாங்கியிருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் இன்னும் அச்சை அழுத்திய கையின் வலு இருந்தது. தம் வாழ்நாளில் அவர் கடைசியாக ஒன்றைக் கேட்டது அப்போதுதான். அதைக் கேட்கும்போது அவர் சாமியாரையும் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை.

"முதல்ல நீ வாங்கு. என் கண்ணு முன்னால, ஒரே ஒரு தடவை. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னு நான் பார்க்கணும். ஆயிடுச்சுன்னா அந்தக் குழந்தையை நான்தானே... இல்ல, ஆகாது. அதுல கோதுமை இல்ல. இல்லைன்னு நான் பார்த்துட்டுப் போறேன். வாயைத் திறம்மா."